மென்பொருளின் நம்பகமும் பேராசிரியர் சி. வி. இராமமூர்த்தியும்

மக்கள் வாழ்வு நம்பிக்கையின்மேல் நிற்பது. பாலத்தின்மீது நடப்போன் அதன் தூண்களை ஆராய்ந்து கால் வைப்பதில்லை; மருந்துண்போன் அதனைப் பகுத்துப் பார்த்து உண்பதில்லை. பாலம் கட்டினோனும் மருந்து கூட்டினோனும் தத்தம் கடமையை ஒழுங்குற ஆற்றியிருப்பர் என்னும் துணிபே நம்மை நடத்துகின்றது. இக்காலத்தில் அத்துணிபு பெரும்பாலும் கண்ணுக்குப் புலனாகாத ஒரு பொருளின்மேல் வைக்கப்படுகின்றது. அதுவே கணிப்பொறியை இயக்கும் கட்டளைத் தொகுதியாகிய மென்பொருள். வங்கியில் இட்ட பணமும், வானிற் பறக்கும் ஊர்தியும், மருத்துவமனையில் நோயாளிக்கு அளக்கப்படும் கதிரும் இன்று அதன் ஆணைவழி நிற்பன.

இம்மென்பொருளை நம்பலாமா? நம்பலாமெனின் எவ்வளவு நம்பலாம்? அந்நம்பிக்கைக்குச் சான்று யாது? இம்மூன்று வினாக்களுக்கும் முறையான விடை தேடிய முதல் தலைமுறை அறிஞருள் ஒருவர், நம் சென்னைப் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்று அமெரிக்க நாட்டிற் புகழ் நாட்டிய காலஞ்சென்ற பேராசிரியர் சி. வி. இராமமூர்த்தி ஆவர். அவர்தம் பணியையும், அப்பணியின் பொருட்டாகிய 'நம்பகம்' என்னும் கருத்தையும் எல்லாரும் உணருமாறு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தறி காட்டும் உண்மை

கணிப்பொறி பயிலாதார்க்கு இஃது எட்டாத பொருள் என்று எண்ணவேண்டா. யான் பிறந்த ஆரணியிற் பட்டுத்தறி ஒன்றன் அருகே சிறிது நேரம் நின்று நோக்குவார் யாவரும் இதன் அடிப்படையை அறிந்துகொள்ளலாம்.

தறியின்மேல் ஜக்கார்டு பெட்டி ஒன்று அமைந்திருக்கும். அதனோடு துளையிட்ட அட்டைகள் கயிற்றாற் கோக்கப்பட்டுச் சங்கிலிபோலத் தொங்கும். சேலையின் கரையிலும் முந்தியிலும் அமையவேண்டிய கோலத்தை முதலிற் கட்டமிட்ட தாளில் வரைவர். பின் அக்கட்டங்களைப் பார்த்து அட்டைகளில் துளையிடுவர். துளையுள்ள இடத்தில் பாவு நூல் மேலெழும்; துளையில்லா இடத்தில் எழாது. நெசவாளர் மிதியை மிதிக்குந்தோறும் ஓர் அட்டை முன்வரும். அவ்வட்டையின் கட்டளைப்படி நூல்கள் எழ, இடையே நாடா ஓடும். இவ்வாறே ஓரிழை ஓரிழையாகக் கோலம் உருவாகின்றது. பிரான்சு நாட்டு லியோன் நகரத்து ஜோசப் மரி ஜக்கார்டு என்பார் 1804-ஆம் ஆண்டளவில் இப்பொறியை அமைத்தனர். இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ், தாம் திட்டமிட்ட கணக்குப் பொறிக்கு இவ்வட்டை முறையையே தழுவிக்கொண்டனர். ஆகவே ஆரணித் தறியின் அட்டைச் சங்கிலியைக் கணிப்பொறி நிரலுக்கு மூத்த உறவு என்று கூறுதல் மிகையாகாது.

இத்தறியில் இருவகைப் பிழைகள் நேரும். பாவு நூல் ஒன்று அறுந்து போதல் ஒருவகை. நூல் தேய்ந்தோ இழுபட்டோ அறும். எப்பொழுது எங்கே அறும் என்று முன்னறிய இயலாது. நெசவாளர் அதனை முடிந்துவிட்டு மேலே நெய்வர். அட்டையில் துளை இடம் மாறியிருத்தல் மற்றொரு வகை. அவ்வட்டை தேயவுமில்லை, முறியவுமில்லை. தனக்கிட்ட கட்டளையைத் தவறாது செய்கின்றது. கட்டளையே தவறு. ஆதலின் அக்கோலம் திரும்ப வருந்தோறும் அதே இடத்தில் அதே பிழை திரும்ப வரும். அந்த அட்டையைப் படியெடுத்துப் பக்கத்துத் தறியில் மாட்டினால், அப்பிழை அங்கும் தவறாமற் சென்று சேரும்.

மென்பொருளின் பிழைகள் யாவும் இவ்விரண்டாம் வகையின. இரும்பு துருப்பிடிக்கும், கம்பி அறும், ஆயின் நிரல் தேய்வதில்லை. அதன் குறைகள் எழுதிய நாளிலேயே அதனுள் இருந்தவை. அவை வெளிப்படுதற்கு உரிய சூழல் வாய்க்கும்வரை உறங்கிக் கிடப்பவை. பழைய பொறியியல் அறிந்த மருந்து, மிகையாக ஓர் உறுப்பை ஆயத்தமாக வைத்துக்கொள்ளுதல். அம்மருந்து இந்நோய்க்குப் பயன்படாமையே இத்துறையின் தனிப்பெருஞ் சிக்கலாகும்.

மூன்று சொற்கள்

இத்துறையினர் மூன்று சொற்களை வேறுபடுத்தி ஆளுகின்றனர். அட்டையில் இடம் மாறிய துளையைக் 'குறை' என்பர். அத்துளையால் எழக்கூடாத நூல் எழுந்து நெசவினுள் நிற்கும் நிலையை 'வழு' என்பர். அவ்வழு சேலையின் முகப்பில் தோன்றி, வாங்குவோர் பெறவேண்டியதைப் பெறாது போகும் நிலையைத் 'தவறுதல்' என்பர். குறை வழுவை விளைக்கும். வழு தவறுதலை விளைக்கும். ஆயினும் ஒவ்வொரு குறையும் தவறுதலில் முடியவேண்டுமென்பதில்லை. இடையே விழிப்புள்ள கண் ஒன்று இருப்பின், வழுவைக் கண்டு நெசவை நிறுத்திப் பிரித்துத் திருத்திவிடும். குறை நேராமல் தடுத்தல், நேர்ந்ததைக் கண்டு களைதல், களைய விட்டுப்போனதைத் தாங்கிக்கொள்ளுதல், எஞ்சியிருப்பது எவ்வளவு என்று மதித்தல் என நம்பகத்திற்கு வழிகள் நான்கு. அவிசியெனிஸ், லாப்ரி, ரேண்டல், லேண்ட்வெர் என்னும் அறிஞர் நால்வர் 2004-ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரை இப்பாகுபாட்டை வரையறுத்து நிலைநாட்டிற்று. பேராசிரியர் இராமமூர்த்தியின் பணி, இவற்றுள் களைதல், மதித்தல் என்னும் இரண்டிலும் முன்னோடியாய் அமைந்தது.

கல்வியும் பதவியும்

இராமமூர்த்தி சென்னைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகமும் தொழில்நுட்பமும் பயின்று பட்டங்கள் பெற்றனர். பின்னர்க் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரத்துப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியலில் மேற்பட்டங்கள் பெற்றனர். அந்நாளிற் கணிப்பொறியியல் என்றொரு துறை கல்லூரிகளிற் கால்கொள்ளவில்லை. அவர் ஹனிவெல் என்னும் தொழில் நிறுவனத்திற் பணியாற்றிக்கொண்டே, அதன் உதவியால் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற் பயின்று 1964-ஆம் ஆண்டு முனைவர் பட்டம் எய்தினர். 1967 வரை அந்நிறுவனத்தில் இருந்த பின்பு, டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராகச் சென்று துறைத்தலைமையும் தாங்கினர். 1972-ஆம் ஆண்டு பெர்க்லிக்கே பேராசிரியராக மீண்டனர். மாணவராய் இயந்திரம் பயின்ற இடத்தில், ஆசிரியராய் மென்பொருள் பயிற்றும் பேறு அவர்க்கு வாய்த்தது.

தொழிற்சாலையைத் துறந்து கல்விச்சாலைக்கு அவர் சென்ற காலம் கருதத்தக்கது. 1968-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ஜெர்மனியின் கார்மிஷ் என்னும் ஊரில் அறிஞர் கூடிய மாநாடொன்றில், மென்பொருள் ஆக்கம் நெருக்கடியில் உள்ளதென்பது வெளிப்படையாகப் பேசப்பட்டது. பொறிகள் ஆண்டுதோறும் விரைவு பெற்றன; நிரல்களோ நீண்டு சிக்கலாயின; குறித்த காலத்தில் முடியவில்லை; முடிந்தவையும் நம்பத்தக்கனவாய் இல்லை. கைத்திறமாக இருந்ததனைப் பொறியியலாக உயர்த்தவேண்டும் என்னும் குரல் எழுந்தது. இராமமூர்த்தி அக்குரலுக்குச் செயலால் விடையிறுத்தோருள் ஒருவர். மென்பொருட் பொறியியலுக்கென ஐ.இ.இ.இ. என்னும் பொறியாளர் கழகம் நடத்தும் ஆராய்ச்சி இதழுக்கு அவர் தலைமையாசிரியராக விளங்கினர். அறிவுத்தரவுப் பொறியியலுக்கென அக்கழகம் 1989-ஆம் ஆண்டு தொடங்கிய இதழுக்கு முதல் தலைமையாசிரியரும் அவரே.

ஓட்டாமலே படித்தல்

அவர் ஆற்றிய பணிகளுள் முதலில் விளக்கத்தக்கது, நிரலை ஓட்டிப் பார்க்குமுன் படித்துப் பார்க்கும் முறையாகும். ஒரு நிரலில் 'இவ்வாறாயின் இவ்வழி செல்க, அன்றேல் அவ்வழி செல்க' என்னும் கிளைகள் பல உண்டு. அவற்றைப் புள்ளிகளாகவும் கோடுகளாகவும் வரைந்தால், ஊரின் தெருப்படம் போன்றதோர் உருவம் தோன்றும். 1966-ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையொன்றில் இராமமூர்த்தி இத்தகைய கோட்டுருவங்களின் இணைப்பைக் கணித முறையால் ஆராய்ந்தனர். எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்குச் செல்ல வழியுண்டு என்பதைக் கணக்கிட்டால், ஒருபோதும் சென்றடைய இயலாத பகுதி எது, புகுந்தபின் சுற்றிச் சுற்றி வரும் பகுதி எது என்பன புலனாகும். நிரலை ஒருமுறையேனும் ஓட்டாமல் இவற்றை அறியலாம் என்பதே இதன் சிறப்பு.

பெர்க்லியில் அவரும் அவர்தம் மாணவரும் இக்கருத்தைக் கருவியாக ஆக்கினர். ஃபோர்ட்ரான் மொழியில் எழுதிய பெருநிரல்களைத் தானே படித்துப் பார்க்கும் 'ஃபேசஸ்' என்னும் அக்கருவி, மதிப்பு ஏதும் இடப்படாமலே எடுத்தாளப்படும் மாறிகளையும், ஒரு பகுதி கொடுப்பதும் மற்றொரு பகுதி கொள்வதும் தம்முட் பொருந்தாத இடங்களையும் சுட்டிக்காட்டும். நெசவு தொடங்குமுன் அட்டைச் சங்கிலியை விளக்கொளியிற் பிடித்துக் கட்டத்தாளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வேலைக்கு இஃது ஒப்பாகும். பட்டும் சரிகையும் செலவான பின் காணும் பிழையினும், அட்டையிலேயே காணும் பிழை மலிவானது. இன்று உலகெங்கும் நிரல் எழுதுவோர் கையாளும் சோதனைக் கருவிகள் பலவும் இந்நெறியில் வந்தவையே. சோதனைக்குரிய உள்ளீடுகளைக் கருவியே தேர்ந்து தருமாறு செய்யும் முயற்சியையும், 1976-ஆம் ஆண்டு தம் மாணவரோடு அவர் வெளியிட்டனர்.

எத்துணைச் சோதனை போதும்?

அடுத்து எழுவது மதித்தல் பற்றிய வினா. ஒரு நிரலை நூறு முறை ஓட்டினோம். நூறு முறையும் சரியாக ஓடிற்று. நூற்றோராம் முறை தவறாது என்று கூறலாமா? 1982-ஆம் ஆண்டு இராமமூர்த்தியும் அவர் மாணவர் பரூக் பாஸ்டானியும் மென்பொருள் நம்பகத்தின் அந்நாள் நிலையைத் தொகுத்து ஒரு கட்டுரை வரைந்தனர். நிரலைத் திருத்திக்கொண்டிருக்கும் பருவத்திற்கு ஒரு கணக்கும், திருத்தம் முடிந்து ஏற்றுக்கொள்ளும் பருவத்திற்கு வேறொரு கணக்கும் வேண்டும் என்பதை அது தெளிவுறுத்திற்று. பருவம் அறியாது கணக்கிடுதல், கதிர் முற்றுமுன் விளைச்சலை மதிப்பதனோடு ஒக்கும்.

ஏற்கும் பருவத்துக்குரிய கணக்கின் சாரம் எளியது. நிரல் நடைமுறையில் எவ்வகை உள்ளீடுகளைச் சந்திக்குமோ, அவ்வகையிலிருந்தே சோதனைகளை எடுத்தல்வேண்டும். திருமண நாளில் உடுத்தும் சேலையை மடித்த நிலையில் மட்டும் பார்த்து மதிப்பிடலாகாது. இவ்வாறு எடுத்த சோதனைகள் ஒன்றும் தவறாதபொழுது, ஆயிரம் முறைக்கு ஒருமுறைக்குமேல் இந்நிரல் தவறாது என்பதை 95 விழுக்காடு உறுதியோடு கூற, ஏறக்குறைய 3,000 சோதனைகள் வேண்டும். அதே உறுதியோடு, தவறும் அளவு அதனிற் பத்தில் ஒரு பங்கே என்று கூற விரும்பின் சோதனைகளையும் பதின்மடங்கு பெருக்கவேண்டும்.

இக்கணக்கு ஓர் எல்லையையும் காட்டுகின்றது. வானூர்தியின் உயிர்நிலைக் கருவி, நூறு கோடி மணி நேரத்திற்கு ஒருமுறைக்குமேல் தவறலாகாது என்று விதிப்பதுண்டு. நூறு கோடி மணி நேரம் என்பது ஏறக்குறைய 1,14,000 ஆண்டுகள். ஓட்டிப் பார்த்தே இவ்வுறுதியைப் பெறுதல் மனித ஆயுளுக்குள் அடங்காது என்பதை இலண்டன் அறிஞர் லிட்டில்வுட், ஸ்ட்ரிஜினி என்பார் 1993-ஆம் ஆண்டு எடுத்துக்காட்டினர். சோதனை இன்றியமையாதது, ஆயினும் சோதனை மட்டும் போதாது. நிரல் சிறிதாகவும் எளிதாகவும் அமையவேண்டும். அதன் சரிமை காரணங்காட்டி நிறுவப்படவேண்டும். அணுமின் நிலையம் போன்ற இடங்களுக்கு வேண்டிய கட்டுப்பாட்டு நிரல்களை, தேவை வரையும் நாள்தொட்டுப் படிதோறும் சரிபார்த்து ஆக்கும் முறையொன்றை இராமமூர்த்தியும் துணைவரும் 1981-ஆம் ஆண்டு வெளியிட்டமை இந்நோக்கம் பற்றியே.

படியெடுத்த பிழை

துளை மாறிய அட்டையைப் படியெடுத்தால் என்னாகும் என்று மேலே கூறினோம். அதனை உலகம் 1996-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள் கண்கூடாகக் கண்டது. ஐரோப்பியர் முதன்முறையாக ஏவிய ஏரியான் 5 என்னும் ஏவுகணை, இயந்திரம் மூட்டிய 37 விநாடி அளவில் நெறிபிறழ்ந்து வானிற் சிதறிற்று. அதன் திசையறி கருவியில், பெரிய எண்ணொன்றைச் சிறிய இடத்தில் அடைக்க முயன்ற நிரல் திகைத்து நின்றது. துணைக்கென வைத்த இரண்டாம் கருவியிலும் அதே நிரல். ஆதலின் அதுவும் அதே காரணத்தால் நின்றது. அந்நிரற்பகுதி முந்தைய ஏரியான் 4-க்காக எழுதப்பட்டது. அதில் ஒருபோதும் தவறாதது. புதிய ஏவுகணையின் விரைவு மிகுதியால் உறங்கிக் கிடந்த குறை விழித்துக்கொண்டது.

அங்ஙனமாயின் வெவ்வேறு மனிதரைக் கொண்டு வெவ்வேறாக எழுதச் செய்தால் தீருமன்றோ எனின், அதனையும் ஆராய்ந்தனர். ஜான் நைட், நான்சி லெவிசன் என்னும் பேராசிரியர் இருவர் ஒரே தேவைக்கு 27 நிரல்களை மாணவரைக்கொண்டு தனித்தனியே எழுதுவித்து, ஒவ்வொன்றையும் பத்து இலட்சம் முறை சோதித்து, 1986-ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டனர். தனித்தனியே அவை நல்லனவே. ஆயினும் ஒரு நிரல் தவறிய இடத்தில் வேறு நிரல்களும் தவறியமை, தற்செயலென்று கருதும் அளவினும் மிகுதியாய் இருந்தது. ஒரே கட்டத்தாளின் சிக்கலான மூலையில் துளையிடுவோர் பலரும் தடுமாறுதல் இயல்பன்றோ? மனிதர் வேறாயினும் மயங்கும் இடம் ஒன்றே.

பொறியின் சொல்லும் மனிதர் சொல்லும்

இவையெல்லாம் பொறியியலார் கவலை என்று நாம் ஒதுங்கியிருத்தல் கூடாது. தெராக் 25 என்னும் கதிர்மருத்துவப் பொறி, 1985 முதல் 1987 வரை வட அமெரிக்காவில் அறுவர்க்கு அளவிறந்த கதிர்வீச்சைச் செலுத்திற்று. அவருட் சிலர் உயிர் நீத்தனர். முந்தைய பொறிகளிற் பிழையைத் தடுத்து நின்ற தனிக் காப்புறுப்புகளை நீக்கி, மென்பொருளையே முற்றும் நம்பியது அதற்கொரு காரணம். நோயாளிகள் எரிகின்றது என்று கதறியபொழுதும், பொறி அவ்வாறு செய்யவியலாது என்றே முதலில் மறுமொழி கிடைத்தது.

இங்கிலாந்தின் அஞ்சல் நிலையங்களில் 1999 முதல் ஹொரைசன் என்னும் கணக்கு மென்பொருள் புகுத்தப்பட்டது. அது பணம் குறைவதாகக் காட்டியவிடத்து, நிலையம் நடத்தியோரே திருடினர் என்று கொள்ளப்பட்டது. 2015 வரையிலான காலத்தில் 900-க்கு மேற்பட்டோர் குற்றவாளிகளாகத் தீர்ப்பளிக்கப்பட்டனர். பலர் சிறை புகுந்தனர். பலர் குடும்பமும் நற்பெயரும் இழந்தனர். கணிப்பொறி சரியாக இயங்கிற்று என்றே முதற்கண் கொள்ளவேண்டும் என்பது அந்நாட்டு வழக்குமுறை. அம்மென்பொருளிற் குறைகள் இருந்தன என்று உயர்நீதிமன்றம் 2019-ஆம் ஆண்டு உரைத்தது. தண்டனைகளை ஒருங்கே நீக்கும் சட்டம் 2024-ஆம் ஆண்டிற்றான் பிறந்தது.

கடல் கடந்த செய்தி என்று இதனைத் தள்ளலாகாது. நம் நாட்டிலும் நியாயவிலைக் கடையில் அரிசி பெறக் கைவிரலைப் பொறியில் வைக்கின்றோம். ஆண்டாண்டாகப் பட்டிழை பிடித்து விரல்ரேகை தேய்ந்த முதியவள் ஒருத்தியின் விரலைப் பொறி ஏற்க மறுக்குமாயின், ஊரார் அனைவரும் அறிந்த அவள் முகம் சான்றாகுமா, பொறியின் மறுப்புச் சான்றாகுமா? நம்பகம் என்னும் நூற்பொருள் இவ்விடத்தில் அறப்பொருளாகி நிற்கின்றது. பொறி தவறலாம் என்பதனை முன்னரே எண்ணி, தவறியவிடத்து மனிதர் சொல் ஏறுதற்கு ஒரு வாயில் வைத்தலும் நம்பகத்தின் பகுதியே. அவ்வாயில் இல்லாத பொறி எத்துணை நுட்பமாயினும் எளியோர்க்குத் துணையாகாது.

முடிவுரை

திருக்குறளிற் 'தெரிந்து தெளிதல்' என்றோர் அதிகாரம் உண்டு. ஒருவனை ஆராயாது நம்புதலும், ஆராய்ந்து நம்பியபின் ஐயுறுதலும் ஆகிய இரண்டும் நீங்காத் துன்பம் தரும் என்பது அதன்கண் வரும் கருத்து. அரசன் வினைசெய்வானைத் தேரும் முறையாகக் கூறப்பட்ட அதனை, இன்று நமக்கு வினைசெய்யும் மென்பொருள்மேலும் ஏற்றிக்கூறலாம். இராமமூர்த்தி போன்ற அறிஞர் செய்ததெல்லாம், அவ்வாராய்ச்சியைக் கண்ணளவிலும் சொல்லளவிலும் விடாது, வரைபடமும் கணக்கும் கருவியுமாக ஆக்கித் தந்ததே. நம் ஆண்டவரும் மணலின்மேற் கட்டிய வீட்டையும் பாறையின்மேற் கட்டிய வீட்டையும் உவமையாகக் காட்டினர். வெயில் நாளில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். மழையும் பெருக்கும் காற்றும் வந்தபொழுதே அடித்தளம் இன்னதென்று வெளியாகும்.

நம் கல்லூரியிற் கணிப்பொறியியல் பயிலும் நண்பர் பலர் நாளை நிரல் எழுதும் பணியேற்பர். விரைந்து முடித்தார் என்னும் புகழினும், எழுதியதனைத் தாமே ஐயுற்று ஆராய்ந்து பிறர் நம்புமாறு தந்தார் என்னும் புகழே நிலைப்பது. ஏனையோராகிய நாம் 'கணிப்பொறி சொல்லிவிட்டது' என்று கூறி ஒருவர் முறையீட்டைத் தள்ளுமுன், அதன் அட்டையில் துளை இடம் மாறியிருத்தல் கூடுமோ என்று ஒருகணம் எண்ணுதல் கடன். வழக்குமன்றத்திலும் வங்கியிலும் பள்ளியிலும் அமரப்போகும் நம் மாணவர் இதனை நெஞ்சிற் கொள்வாராக.